பெர்க்கில் (தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடர்) பனிச்சரிவு வருமா? ரைனோ பீக் போகிறவன் கேட்கிறேன்

பீனிக்ஸ் பையன்
எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்டில் (இங்கே குளிர்காலம்) நானும் பெரியப்பா பிள்ளைகளுமாக ஐந்து பேர் ரைனோ பீக் ஏறலாம் என்று இருக்கிறோம். மலையடிவாரத்துக் கார்டன் காசிலில் வண்டியை விட்டுவிட்டு மஷாய் பாஸ் (கணவாய்) வழியாக மேலே போய், அன்றே இறங்கிவிடுவது. கோடையில் போன வழிதான். இந்த முறை பனி விழுந்த மறுநாளே ஏற வேண்டும் என்று ஆசை, போட்டோவுக்காக என்று வைத்துக்கொள்ளுங்களேன். அம்மா ஆல்ப்ஸ் மலையில் பனி சரிந்து ஆட்களை மூடுகிற வீடியோவை எங்கோ பார்த்துவிட்டு, போகவே கூடாது என்று நிற்கிறார். நம் டிராக்கன்ஸ்பெர்க்கில் அப்படி நடக்குமா? நடக்காது என்றால் யாராவது நாலு வரி எழுதுங்கள், அம்மாவிடம் காட்ட வேண்டும்.

ரோட் ரன்னர்
ஆப்பிரிக்காவில் ஏதப்பா பனிச்சரிவு? வருஷத்தில் நாலு நாள் பனி கிடக்கும், ஐந்தாம் நாள் உருகிவிடும். பனிச்சறுக்கு விளையாட, பக்கத்து நாடான லெசோத்தோவின் ஆஃப்ரிஸ்கியில் மெஷின் வைத்துப் பனி செய்கிறார்கள். மெஷின் பனியிலா சரிவு வரும்? அம்மாவை இமயமலை வேறு, நம் அண்டர்பெர்க் பக்கம் வேறு என்று சொல்லிச் சமாதானப்படுத்து. ஜாக்கெட் எடுத்துக்கொண்டு போய் வா.

மலைக்கிறுக்கன் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)
தம்பி, அந்த நாலு வரி என்னிடமிருந்து கிடைக்காது. வேறு சில வரிகள் தருகிறேன், அம்மாவுக்குக் காட்டலாமா என்று பிறகு முடிவு செய்.

ஆல்ப்ஸில் வருவதைப் போல ஒரு மலைப்பக்கம் முழுதும் பெயர்ந்து கிராமத்தின் மேல் விழுவது இங்கே இல்லை. அந்த அளவுக்கு நம் மலையில் பனி தங்குவதில்லை. ரோட் ரன்னர் சொல்வதில் அவ்வளவுதான் சரி. ஆனால் ஆளைக் கொல்ல மலைப்பக்கம் முழுதும் பெயர வேண்டும் என்று யார் சொன்னது? பாஸ் என்று நாம் சொல்வதெல்லாம் என்ன? செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே மேலேறும் பள்ளம். மேற்குப் பக்கம் லெசோத்தோ மேட்டுநிலம், பரந்த வெளி. அங்கே விழுந்த பனியைக் காற்று வாரிக்கொண்டு வந்து, விளிம்பைத் தாண்டியதும் நம் பக்கத்துப் பள்ளங்களில் கொட்டும். மேட்டில் கணுக்கால் அளவுகூடப் பனி இருக்காது, பாஸின் தலைப்பகுதியில் இடுப்பளவு கிடக்கும். கீழே நின்று பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளைதான்.

ஜயன்ட்ஸ் காசில் பக்கம் தெற்குப் பார்த்த ஒரு பள்ளத்தின் அடியில், சரிந்து வந்து நின்ற பனியை நான் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறேன். தூளாக இல்லை. மூலை மூலையாக உடைந்த கட்டிகள், சில என் பையைவிடப் பெரியவை. நடுநடுவே வேரோடு பிடுங்கி வந்த புல் கொத்து, கருங்கல் சில்லுகள். காலால் உதைத்துப் பார்த்தேன், கட்டி அசையவில்லை. ஓடி வரும்போது நீர் மாதிரி வந்தது நின்ற மறுகணம் அப்படி இறுகிவிடும். அதற்குள் ஒரு கையை மட்டும் விடுவிப்பதுகூட எளிதல்ல.

அப்புறம் புல்லைப் பற்றி ஒன்று. நம் மலைச்சரிவில் நீளப் புல் கீழ்நோக்கிச் சாய்ந்து படுத்திருக்கும். அதன் மேல் ஈரப்பனி கனமாக விழுந்து, கீழே தண்ணீர் கசிய ஆரம்பித்தால் மொத்தப் பனியும் தரையை விட்டு வழுக்கும். ஆல்ப்ஸிலும் அறுக்காமல் விட்ட புல்வெளிகளில் இது வழக்கமாக நடப்பதுதான். பனியின் குறுக்கே வாய் பிளந்த மாதிரி ஒரு வெடிப்பு, அதில் பழுப்புப் புல் தெரிகிறது என்றால் அதன் கீழே நிற்காதே, சாப்பிட உட்காராதே.

ஜோபர்க்வாசி
நான் தேனிப் பக்கத்து ஆள், வேலைக்காக ஜோகன்னஸ்பர்க்கின் சாண்டனில் இருக்கிறேன். பனியை நேரில் பார்த்ததே இந்த நாட்டுக்கு வந்த பிறகுதான். ஆனால் பனிச்சரிவு என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் ஊரில் நினைவுக்கு வருவது 2016 பிப்ரவரி 3. சியாச்சினில் சோனம் காவல் முகாமின் மேல் பனிச்சுவர் விழுந்து, மதராஸ் ரெஜிமென்டின் 19-ஆவது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தார்கள். அதில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள், ஒருவர் எங்கள் மாவட்டம். கர்நாடகத்து ஹனுமந்தப்பா மட்டும் சுமார் ஆறு நாள் கழித்து உயிரோடு எடுக்கப்பட்டு, பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் இறந்தார். அவ்வளவு நாள் தாக்குப்பிடிக்க முடியும் என்றால், ஐந்து பேர் கூடவே இருக்கும் இடத்தில் தோண்டி எடுத்துவிட முடியாதா? தெரியாமல்தான் கேட்கிறேன்.

கேப் அக்கா
தம்பி, ஹனுமந்தப்பாவுக்கு நடந்ததை அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். அது லட்சத்தில் ஒன்று. நான் கேப் டவுனுக்கு வருமுன் சுவிட்சர்லாந்தில் கிராவுபுண்டன் பக்கம் ஒரு மருத்துவமனையில் பிசியோவாக இருந்தவள். அங்கே குளிர்காலத்தில் மலை ஏறுபவர்கள் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கும் கணக்கு இது: தலையோடு புதைந்தவரை முதல் 10 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி ஆகிவிட்டால் பத்தில் மூன்று பேர்தான். காரணம் குளிர் இல்லை, மூச்சு. வெளிவிடும் மூச்சையே திரும்ப இழுத்து இழுத்துக் காற்று கெட்டுப்போகும், முகத்தின் முன்னால் இருக்கும் பனியும் மூச்சின் சூட்டில் உருகிக் கண்ணாடியாக உறைந்து அடைத்துவிடும். முகத்துக்கு முன் கொஞ்சம் வெற்றிடம் அமைந்தவர்கள்தான் அதற்கு மேல் தாங்குகிறார்கள்.

அதனால்தான் அங்கே மூன்று பொருள் இல்லாமல் யாரையும் குழுவில் சேர்க்க மாட்டார்கள். உடம்போடு கட்டிக்கொள்ளும் டிரான்சீவர் (457 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் விடும், யாராவது புதைந்தால் மற்றவர்கள் தேடும் நிலைக்கு மாற்றிக் கண்டுபிடிப்பார்கள்), பனியில் குத்தித் தேட நீளமான மடக்குக் குச்சி, அலுமினிய மண்வாரி. கையால் தோண்டலாம் என்று நினைக்க வேண்டாம், மலைக்கிறுக்கன் அண்ணா சொன்ன கட்டி நகத்துக்கு மசியாது. போனை டிரான்சீவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும், தேடும்போது அரை மீட்டராவது இடைவெளி வேண்டும். இல்லையென்றால் கருவி உளறும்.

இன்னொன்று, கனடாவில் பனிச்சரிவில் இறந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் மூச்சு முட்டி இறக்கவில்லை. மரத்திலும் பாறையிலும் மோதி இறந்தவர்கள். பெர்க்கில் எனக்குப் பயம் அந்த வகைதான். முழங்கால் உயரப் பனி சரிந்தாலே போதும், உங்களைக் காலோடு வாரி, கீழே இருக்கும் பாறை விளிம்பைத் தாண்டித் தள்ளிவிடும்.

ரோட் ரன்னர்
அக்கா, நீங்கள் சுவிட்சர்லாந்துக் கதையைச் சொல்கிறீர்கள். அங்கே மூன்று மீட்டர் பனி. இங்கே முப்பது சென்டிமீட்டர்.

கேப் அக்கா
முப்பது சென்டிமீட்டர் ஒரே நாளில் விழுந்து, கூடவே காற்றும் அடித்தால் ஆல்ப்ஸிலேயே எச்சரிக்கை மணி அடிப்பார்கள். ஆழம் ஒரு பக்கம் இருக்கட்டும், அடுக்கு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. காற்று அடித்துக் கொட்டிய பனி இறுகி ஒரே பலகையாக ஆகிவிடும். அதன் கீழே பழைய உறைந்த மேற்பரப்போ, ஒட்டாத பரல் பனியோ இருந்தால் பலகைக்குப் பிடிமானம் இல்லை. நீங்கள் ஒரு அடி வைக்கும் இடத்தில் கீழ் அடுக்கு உடைகிறது, அந்த உடைசல் பக்கவாட்டில் ஓடுகிறது, உங்கள் தலைக்கு மேலே கோடு போட்ட மாதிரி பனி வெட்டுப்பட்டுக் கிளம்புகிறது. ஆட்களைக் கொல்லும் பனிச்சரிவுகளில் பத்தில் ஒன்பது, மாட்டிக்கொண்டவரோ அவர் கூட வந்தவரோ தாங்களே கிளப்பியவை.

பரல் பனி எப்படி உண்டாகிறது தெரியுமா? பனி மெல்லியதாகக் கிடக்கும் இடத்தில்தான் சீக்கிரம். தரை கிட்டத்தட்ட பூஜ்யம் டிகிரி, மேலே இரவுக் குளிர் மைனஸ் பத்து. இடையில் அரை மீட்டர்தான் பனி என்றால் பத்து சென்டிமீட்டருக்கு இரண்டு டிகிரி வித்தியாசம் வருகிறது. ஒரு டிகிரி தாண்டினாலே பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதை விட்டுவிட்டுத் தனித்தனிப் பரலாக வளர ஆரம்பிக்கும். கையில் பிடித்தால் உருண்டையாகாது, விரலிடுக்கில் கொட்டிவிடும். ஆக, பனி குறைவு என்பதாலேயே பத்திரம் என்று சொல்ல முடியாது.

மலைக்கிறுக்கன்
இதில் பெர்க்குக்காக ஒரு திருத்தம் அக்கா. நம் பனி பெரும்பாலும் ஒரு வாரம்கூட நிற்பதில்லை, பரல் வளர்வதற்குள் வெயில் தின்றுவிடும். வெயில் படாத தெற்குப் பள்ளங்களில் மட்டும் நீங்கள் சொல்வது நடக்கலாம். மற்ற இடங்களில் பயப்பட வேண்டியது புயல் முடிந்த கையோடு இருக்கும் காற்றுப் பலகைக்கும், மதிய வெயிலில் வரும் ஈரச்சரிவுக்கும்.

தம்பிக்கு ஒரு எச்சரிக்கை. பனிச்சரிவைப் பற்றி நீ படிக்கப் போவதெல்லாம் வட அரைக்கோளத்தில் எழுதியவை. வடக்குச் சரிவு நிழல், ஆபத்து என்று போட்டிருப்பான். இங்கே தலைகீழ். நமக்கு நிழல் தெற்கே.

சாட்ஸ்வர்த் மாமா
பிள்ளைகளா, நான் மலை ஏறியதில்லை, லாரிதான் என் பிழைப்பு. டர்பன் துறைமுகத்திலிருந்து ஜோபர்க் வரை என்3 சாலையில் எங்கள் வண்டிகள் ஓடுகின்றன. 2024 செப்டம்பர் 20 இரவு வான் ரீனன் பக்கம் பனி கொட்டியதே, அதில் எங்கள் டிரைவர் ஒருவரும் மாட்டிக்கொண்டார். செப்டம்பர், வசந்தம் பிறந்துவிட்டது என்று எல்லோரும் ஸ்வெட்டரைக் கழற்றி வைத்த மாதம். ஹாரிஸ்மித்துக்கும் வான் ரீனனுக்கும் நடுவே சாலையை மூடி, நூற்றுக்கணக்கான வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. உயிரும் போனது. அதுவும் மலையில் இல்லை, நெடுஞ்சாலையில், கார்களுக்கு நடுவில். அந்த டிரைவர் டீசலை மிச்சம் பிடிக்க எஞ்சினை ஒரு மணிக்கு ஒருமுறை போட்டு அணைத்திருக்கிறார். பின்னால் நின்ற காரில் ஒரு குடும்பம், குழந்தைகளைத் தன் கேபினில் ஏற்றிக்கொண்டாராம்.

பனி சரிந்தாலும் சரியாவிட்டாலும், போகிற வழியிலேயே நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்? பக்கியில் (பிக்கப் வண்டி) போர்வை, தண்ணீர், சாப்பாடு இருக்கிறதா? பசங்க பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றியது) வாங்கிக்கொண்டு கிளம்பினால் போதும் என்று நினைப்பார்கள்.

அக்கா சொன்ன பலகை எவ்வளவு எடை இருக்கும், சும்மா தெரிந்துகொள்ள?

கேப் அக்கா
நல்ல கேள்வி மாமா. காற்று இறுக்கிய பனி ஒரு கன மீட்டருக்கு 250 கிலோ என்று வையுங்கள், இன்னும் அதிகமாகவும் இருக்கும். 20 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளம், அரை மீட்டர் தடிமன். 200 கன மீட்டர், 50 டன். சின்னச் சரிவு என்றுதான் இதைச் சொல்வார்கள்.

சாட்ஸ்வர்த் மாமா
சட்டப்படி முழுச்சுமை ஏற்றிய என் டிரெய்லர் லாரி 56 டன். அது பிரேக் இல்லாமல் இறக்கத்தில் வருவதை நான் பார்த்திருக்கிறேன். போதும், புரிந்தது.

ஜோபர்க்வாசி
செப்டம்பரில் எப்படி அவ்வளவு பனி? ஜூலைதானே குளிர் உச்சம்?

மலைக்கிறுக்கன்
குளிர் மட்டும் இருந்தால் பனி வராது, ஈரமும் வேண்டும். நம் ஜூலை வறண்டது, வானம் நீலமாகப் பளிச்சென்று இருக்கும், அவ்வளவுதான். பெரிய பனி வருவது கட்-ஆஃப் லோ உருவாகும்போது. மேல்வானத்தில் தெற்கிலிருந்து வரும் குளிர்க்காற்று, மேற்கத்திய ஓட்டத்திலிருந்து அறுந்து நம் தலைக்கு மேல் தனியாகச் சுழல ஆரம்பிக்கும். நகர்த்த ஆள் இல்லாததால் ஒன்றிரண்டு நாள் அங்கேயே நிற்கும். அதே சமயம் கீழே கடல் பக்கமிருந்து ஈரக்காற்று வந்துகொண்டே இருக்கும். 2022 ஏப்ரலில் நம் டர்பனில் 400-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெள்ளமும் கட்-ஆஃப் லோ செய்த வேலைதான். அன்று மழை, 2024 செப்டம்பரில் பனி. ஆகஸ்ட், செப்டம்பரில் ஈரமும் திரும்பத் தொடங்கும், குளிரும் போயிருக்காது, அதனால்தான் அந்த மாதங்கள் மோசம்.

வானிலை அறிவிப்பில் கட்-ஆஃப் லோ என்ற சொல் வந்தால் பெர்க் திட்டத்தை மடித்து வைத்துவிடு தம்பி. பனி வரும் என்று சந்தோஷப்படுகிற செய்தியும் அதுதான், அதுதான் வம்பு.

பீனிக்ஸ் பையன்
இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சரி, ஆல்ப்ஸில் இன்றைக்குப் போகலாம், போகக் கூடாது என்று யாரோ சொல்வார்களாமே? இங்கே அது எங்கே பார்ப்பது?

கேப் அக்கா
சுவிட்சர்லாந்தின் டாவோஸில் எஸ்.எல்.எஃப் என்று பனி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. குளிர்காலத்தில் தினமும் மாலை ஐந்துக்கும் காலை எட்டுக்கும் அறிக்கை விடுவார்கள். ஒன்று முதல் ஐந்து வரை ஆபத்துப் படி, எந்தத் திசைச் சரிவு, எந்த உயரத்துக்கு மேல் என்று எல்லாம் இருக்கும். அதிகம் பேர் சாவது ஐந்தில் இல்லை, மூன்றில். ஐந்து என்றால் யாரும் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. மூன்றில்தான் "பார்த்துப் போகலாம்" என்று கிளம்புவார்கள்.

இங்கே அப்படி அறிக்கையே கிடையாது. வானிலைத் துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று பனிப்பொழிவு எச்சரிக்கை தரும், அது சாலைக்கும் கால்நடைக்கும் உதவும். மஷாய் பாஸின் மேற்பகுதியில் பனி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் சொல்லப்போவதில்லை. ரோட் ரன்னருக்கு நான் சொல்ல வந்ததே இதுதான். சுவிட்சர்லாந்தில் ஆபத்து பெரிது, ஆனால் அதைத் தினமும் அளந்து சொல்ல ஆள் இருக்கிறது. இங்கே ஆபத்து சின்னது, அளப்பது நீங்கள் மட்டும்தான்.

ரோட் ரன்னர்
சரி அக்கா, இந்த ஒரு பாயின்ட் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெர்க்கில் பனிச்சரிவைவிட வழுக்கி விழுந்தும் குளிரில் விறைத்தும் சாகத்தான் வாய்ப்பு அதிகம் என்று இன்னமும் சொல்வேன்.

மலைக்கிறுக்கன்
அதில் உன்னோடு சண்டையே இல்லை. மறுநாள் காலை உறைந்து கண்ணாடியான பாதையில் சாதாரண பூட்ஸோடு இறங்குவது எந்தச் சரிவையும்விட மோசம். நனைந்த பருத்தி ஜீன்ஸ் இன்னொரு எமன். உடல் வெப்பம் 32 டிகிரிக்குக் கீழே போனால் நடுக்கமே நின்றுவிடும். கூட வருகிறவன் "இப்ப பரவாயில்லடா, குளிரல" என்பான். அப்போதுதான் நிஜமாகக் கவலைப்பட வேண்டும். மேகம் மூடியிருந்தால் ஹெலிகாப்டரும் வராது.

பீனிக்ஸ் பையன்
அப்படியென்றால் நேராகக் கேட்கிறேன். புயல் வெள்ளி இரவு முடிந்தால் சனிக்கிழமை ஏறலாமா, ஞாயிறா, கூடவே கூடாதா?

மலைக்கிறுக்கன்
சனி கூடாது. புதுப்பனிக்கும் காற்றுப் பலகைக்கும் இறுக ஒன்றிரண்டு நாளாவது கொடுக்க வேண்டும். ஞாயிறும் எனக்குச் சந்தேகம்தான், ஏனென்றால் புயலுக்குப் பிறகு காற்று நிற்காமல் அடித்தால் பனியே விழாமல் பலகை மேலும் தடிக்கும். விளிம்பில் வெள்ளைப் புகை மாதிரி பனி பறப்பது கீழே கார் நிறுத்தத்திலிருந்தே தெரியும். தெரிந்தால் அன்றைக்குப் பாஸ் இல்லை. திங்கள் லீவு போட முடியுமா பார்.

போனால், அதிகாலையில் கிளம்பி, வெயில் ஏறுமுன் பள்ளத்தைத் தாண்டிவிட வேண்டும். சாய்வை அளக்க நடைக்கோலைப் பனியில் படுக்க வைத்து அதன் மேல் போனை வை, சாய்வு காட்டும் ஆப் இலவசமாகக் கிடைக்கிறது. பெரும்பாலும் 30-லிருந்து 45 டிகிரி வரைதான் பலகை பெயரும் சாய்வு. நீ நிற்கும் இடத்தை மட்டும் அளந்து திருப்திப்படாதே, தலைக்கு மேலே இருப்பதையும் பார், கிளம்பினால் அதுதான் உன் மேல் வரும். காலடியில் "தும்" என்று அமுங்கும் சத்தமோ, பூட்ஸிலிருந்து விரிசல் ஓடுவதோ கண்டால் பேச்சே இல்லை, வந்த தடத்திலேயே திரும்பு. சந்தேகமான இடத்தை ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும், மற்றவர்கள் பாறை மறைவில் நின்று கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். மேலே போய்ச் சேர்ந்தால் விளிம்புக்குப் போய் போட்டோ எடுக்காதே. காற்று அங்கே பனியை அந்தரத்தில் கூரை இறக்கி வைத்திருக்கும், அடியில் பாறை இருக்காது.

கேப் அக்கா
அண்ணா, ஐந்து பேருக்கு டிரான்சீவர் வாங்கச் சொல்வீர்களா? நான் சொல்ல மாட்டேன். பழக்கமில்லாத கையில் அது வெறும் எடை, விலையும் எக்கச்சக்கம். அந்தப் பணத்தில் நல்ல கிராம்பானும் (பூட்ஸில் மாட்டும் உலோக முட்கள்) ஐஸ் ஆக்ஸும் (பனிக்கோடரி) வாங்கலாம், இல்லை வாடகைக்கு எடுத்து, விழுந்தால் ஆக்ஸால் நிறுத்துவதற்கு ஒருநாள் பழகலாம்.

மலைக்கிறுக்கன்
வாங்கச் சொல்ல மாட்டேன். டிரான்சீவர் தேவைப்படும் சரிவு என்றால் நான் போகவே மாட்டேன்.

சாட்ஸ்வர்த் மாமா
பனியைப் பார்க்கத்தானே ஆசை? லெசோத்தோவுக்கு ஏறும் சானி பாஸ் போங்களேன். உச்சி 2,800 மீட்டருக்கு மேல், வண்டியிலேயே போகலாம். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இல்லாவிட்டால் எல்லைச் சாவடியில் விடமாட்டார்கள், பாஸ்போர்ட் வேண்டும், மாலை ஆறுக்குள் திரும்பிவிட வேண்டும். பாதையில் பனி உறைந்திருந்தால் அதையும் மூடிவிடுவார்கள், முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

பீனிக்ஸ் பையன்
மாமா, நீங்கள் எழுதியதை அம்மாவிடம் காட்டினேன். சானி பாஸ் என்றதும் தானும் வருகிறேன் என்கிறார், சித்தியும் வருகிறாராம். எங்கள் பக்கியில் அத்தனை பேருக்கு இடமில்லை.

ரைனோ பீக்கை விடவில்லை. பெரியப்பா பையனுக்குத் திங்கள் லீவு கிடைக்கும், எனக்குக் கேட்டுப் பார்க்க வேண்டும். மலைக்கிறுக்கன் அண்ணா, கார்டன் காசில் வாசலில் மலைப் பதிவேட்டில் எழுதும்போது திரும்பும் நேரத்தை எப்படிப் போடுவது? பாதியில் திரும்பினால் சீக்கிரம் வந்துவிடுவோம், தாமதமானால் தேட ஆள் அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

மலைக்கிறுக்கன்
தாமதத்தையும் சேர்த்தே நேரம் போடு, இருட்டுக்குள் இறங்கிவிடுகிற மாதிரி. எந்தப் பாஸ் வழியாக ஏறி எதில் இறங்குகிறாய், யார் யார், கூடாரம் உண்டா, போன் நம்பர், எல்லாம் எழுது. சீக்கிரம் வந்துவிட்டால் வந்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ. நிறையப் பேர் நேரே காரில் ஏறிப் போய்விடுகிறார்கள், ராத்திரியில் மீட்புக் குழு வெறும் மலையைத் தேடுகிறது.

கிராம்பான் வாடகைக்குக் கிடைக்காவிட்டால் சொல், என்னிடம் இரண்டு ஜோடி இருக்கிறது. பூட்ஸ் அளவு மட்டும் அனுப்பு.